சிப்பிக்குத் தலை எங்கே?

எங்கள் படிப்பு மையத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர் அது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். கடைக்குப் போனால் மலையாளம் பேசுவார்கள்.

ஒருநாள் ஒரு பாட்டி வகுப்புக்குத் தாமதமாக வந்தார். பொழியூர் சந்தையில் சிப்பி வாங்கி, கழுவி, ஓட்டைப் பிளந்து வைத்துவிட்டு வந்தாராம். இரவுக்குச் சிப்பியும் மரச்சீனியும். உட்கார்ந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"மக்களே, இத்தனை வருசமா சிப்பி கழுவுதேன். மீனுக்குத் தலை உண்டு. இறாலுக்குத் தலை உண்டு. சிப்பிக்குத் தலை எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். "தேடிப் பார்த்துச் சொல்கிறேன் பாட்டி" என்றேன். தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். சிப்பிக்குத் தலை இல்லை. வெட்டி எறிந்து இல்லாமல் போகவில்லை. வளரும்போதே அதற்குத் தலை என்று ஒன்று உண்டாவதில்லை. வாய் உண்டு, வயிறு உண்டு, இதயம் உண்டு, நரம்பும் உண்டு. தலை மட்டும் கிடையாது.

ஆனால் சிப்பியின் சொந்தக்காரர் ஒருவருக்கு மிகப் பெரிய தலை இருக்கிறது. அவரையும் நீங்கள் சமைத்திருப்பீர்கள். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரே மாவு, பல பலகாரம்

சிப்பி, மட்டி, சங்கு, நத்தை, கணவாய் எல்லாம் ஒரே குடும்பம். எலும்பு இல்லாத, மெத்தென்ற உடம்பு உள்ள உயிர்கள். அதனால் இவற்றை மெல்லுடலிகள் என்கிறார்கள். உலகத்தில் சுமார் 80,000 வகை மெல்லுடலிகள் இருக்கின்றன.

பார்த்தால் நம்ப முடியாது. வேலியில் ஊரும் நத்தைக்கும் கடலில் அம்பு போலப் பாயும் கணவாய்க்கும் என்ன சொந்தம்?

அரிசி மாவை நினைத்துப் பாருங்கள். குழலில் அடைத்து அவித்தால் புட்டு. அச்சில் பிழிந்தால் இடியாப்பம். புளிக்க வைத்துச் சட்டியில் ஊற்றினால் அப்பம். உருவம் வேறு, மாவு ஒன்று.

மெல்லுடலியின் மாவில் என்ன இருக்கிறது? கீழே தசையால் ஆன ஒரு கால். மேலே குடலும் இதயமும் அடங்கிய ஒரு மூட்டை. அந்த மூட்டையைப் போர்த்திய ஒரு தோல் போர்வை. அந்தப் போர்வை சுரந்து உண்டாக்குவதுதான் ஓடு. வாயில் அரம் போன்ற ஒரு நாக்கு. இவ்வளவுதான்.

ரஷ்யாவில் வெள்ளைக் கடல் கரையில் பாறையில் பதிந்த ஒரு பழைய உயிரின் அடையாளம் கிடைத்திருக்கிறது. அதற்கு வயது சுமார் 55 கோடி ஆண்டு. அது பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றிருக்கிறது. சுரண்டிய கீறல்கள்கூடப் பாறையில் இருக்கின்றன. அதைக் கிம்பெரெல்லா என்கிறார்கள். மெல்லுடலிகளின் ஆதிச் சொந்தம் அதுவாக இருக்கலாம் என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அங்கே தொடங்கிய குடும்பம் பல கிளையாகப் பிரிந்தது. ஒவ்வொரு கிளையும் தன் பிழைப்புக்கு ஏற்றபடி அந்தக் காலையும் ஓட்டையும் நரம்பையும் மாற்றிக்கொண்டது.

பாறையில் உட்கார்ந்துவிட்ட சிப்பி

நம் கரையில் கிடைப்பது பழுப்புச் சிப்பி. கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாறைக் கரைகளில் இது அதிகம். விழிஞ்ஞம், கோவளம், குளச்சல் பக்கம் மூழ்கிப் பெயர்த்து எடுக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அலை அடிக்கும் பாறைக்குக் கீழே போய் எடுக்கிற வேலை அது. சுலபமான வேலை இல்லை.

சிப்பி பிறந்த உடனே பாறையில் ஒட்டுவதில்லை. ஆணும் பெண்ணும் தண்ணீரில் விந்தையும் முட்டையையும் விடுகின்றன. அவை சேர்ந்து குஞ்சு உண்டாகிறது. குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மயிர் போன்ற இழைகளை அசைத்து இரண்டு மூன்று வாரம் கடலில் நீந்தித் திரிகிறது. பிறகு ஒரு பாறையைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் நாம் பார்க்கிற சிப்பியாக வளர்கிறது.

சிப்பியைப் பிளக்கும்போது நடுவில் நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதைச் சிப்பியின் நாக்கு என்பார்கள். அது நாக்கு இல்லை, கால். அந்தக் காலிலிருந்துதான் நார் சுரக்கிறது. கழுவும்போது பிய்த்து எறிகிறோமே, தாடி போன்ற நார், அதுதான். அந்த நாரால்தான் அலையில் அடித்துப் போகாமல் பாறையைப் பிடித்திருக்கிறது.

உண்மையான நாக்கு, அதாவது அரம் போன்ற நாக்கு, சிப்பிக்கு இல்லை. அதைத் தேவையில்லை என்று விட்டுவிட்ட கிளை அது. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு தண்ணீரோடு வருகிறது. சிப்பி தண்ணீரை உள்ளே இழுக்கிறது. செவுளால் வடிகட்டுகிறது. அதில் உள்ள நுண்பாசியைத் தின்கிறது. மீதித் தண்ணீரை வெளியே விடுகிறது. ஒரு வளர்ந்த சிப்பி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை இப்படி வடிகட்டும். இரவும் பகலும் இதே வேலை.

இந்தப் பிழைப்புக்கு எவ்வளவு மூளை வேண்டும்? மிகக் கொஞ்சம் போதும். சிப்பியின் உடம்பில் மூன்று ஜோடி நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. ஒரு ஜோடி வாய்க்குப் பக்கத்தில். ஒரு ஜோடி காலில். ஒரு ஜோடி ஓட்டை மூடும் தசைக்குப் பக்கத்தில். நிழல் விழுந்தால், கை பட்டால், ஓட்டை மூடு. காலை நீட்டு, நாரைச் சுர. இவ்வளவுக்கு அந்த முடிச்சுகள் போதும். ஓடிப்போய் எதையும் தேட வேண்டாம் என்றால் முன்னால் ஒரு தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1997-ல் நடந்தது

சிப்பி வருவதை எல்லாம் வடிகட்டுகிறது என்று சொன்னேன். இதில் நமக்கு ஒரு ஆபத்து இருக்கிறது.

1997 செப்டம்பரில் விழிஞ்ஞம் பக்கம் சிப்பி சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. வகுப்பில் இதைச் சொன்னதும், வயதில் மூத்தவர்கள் மளமளவென்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சந்தையில் பல நாள் சிப்பியைத் தொட ஆள் இல்லையாம். அன்றைக்குப் பாடம் அதோடு நின்றது. இதற்கு முன்பு 1981-ல் தமிழ்நாட்டில் வயலூர் என்ற கடற்கரை ஊரிலும் இதே போல மட்டி தின்று மூன்று பேர் இறந்திருக்கிறார்கள்.

சிப்பி அழுகியிருந்ததா? இல்லை. கடலில் சில வகை நுண்பாசிகள் உண்டு. அவற்றின் உடம்பில் கொடிய நஞ்சு இருக்கிறது. சில காலங்களில் அவை திடீரென்று பெருகும். சிலசமயம் கடல் தண்ணீர் செம்மண் கரைத்தது போல நிறம் மாறும். சிலசமயம் நிறமே மாறாது. சிப்பி அந்தப் பாசியையும் வடிகட்டித் தின்கிறது. சுவைத்துப் பார்த்து வேண்டாம் என்று திரும்பிப் போக அதற்குத் தலையும் இல்லை, ஓடிப்போகக் காலும் இல்லை. நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பியின் நரம்பு அந்த நஞ்சுக்கு அவ்வளவாக மசியாது. அது திடமாகத்தான் இருக்கும். பார்த்தால் நல்ல சிப்பிதான். தின்றவருக்குத்தான் கேடு.

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வறுத்தாலும் போகாது. புளி, எலுமிச்சை எதற்கும் போகாது. மணத்திலும் ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது.

சாப்பிட்டு அரை மணி நேரத்திலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரக்கும். எறும்பு ஊர்வது போல இருக்கும். பிறகு விரல்கள் மரக்கும். நடை தள்ளாடும். பேச்சு குழறும். கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். நஞ்சு மெல்ல மெல்லச் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் உதடு மரத்ததுமே கிளம்ப வேண்டும். மோர் குடித்துப் பார்க்கலாம், படுத்துப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கடல் நிறம் மாறியிருக்கிறது, சிப்பி எடுக்க வேண்டாம் என்று மீன்வளத் துறை சொன்னால் அந்த நாட்களில் சிப்பி, மட்டி வாங்கக் கூடாது.

அந்த நஞ்சு ஏன் மூச்சை நிறுத்துகிறது? இதற்குப் பதில் கணவாய் வழியாகத்தான் கிடைத்தது. கொஞ்சம் பொறுங்கள். நடுவில் நத்தை வருகிறது. அது மெதுவாகத்தான் வரும்.

முறுக்கிக்கொண்ட நத்தை

நத்தைக்குத் தலை உண்டு. அதன் மேல் இரண்டு ஜோடிக் கொம்புகள். தோட்டத்து நத்தையின் மேல் கொம்பு நுனியில் கண் இருக்கும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நத்தை குஞ்சாக இருக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. குளித்துவிட்டுத் தோர்த்தைப் பிழிகிறோம் அல்லவா? ஒரு கை அப்படியே இருக்க மறு கை திரும்பும். அதே போல நத்தைக் குஞ்சின் தலையும் காலும் அப்படியே இருக்க, முதுகின் மேல் உள்ள குடல் மூட்டை அரை வட்டம் திரும்பிவிடும். பின்னால் இருந்த மலத்துளை தலைக்கு மேல் வந்துவிடும்! கேட்க அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நத்தை, சங்கு இனம் முழுவதும் இந்தத் திருப்பத்தோடுதான் வளர்கிறது. கடல் நத்தைக் குஞ்சு தண்ணீரில் நீந்தும்போது இது நடக்கும். நம் தோட்டத்து நத்தைக்கு முட்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

ஓடு எந்தப் பக்கம் சுருள்கிறது என்பது வேறு சங்கதி. வலம்புரிச் சங்கைப் பற்றி நமக்குத் தெரியும். லட்சத்தில் ஒன்று என்பார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். சாதாரணச் சங்கு சுருளும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் சுருண்டதுதான் வலம்புரி. ஏன் சிலது மட்டும் இப்படிப் பிறக்கிறது? குளத்து நத்தை ஒன்றை வைத்து ஜப்பான் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். 2019-ல் ஒரே ஒரு மரபணுவை வேலை செய்யாமல் ஆக்கினார்கள். குஞ்சுகள் எதிர்ப் பக்கம் சுருண்டன. அந்த மரபணு குஞ்சினுடையது அல்ல, தாயினுடையது. முட்டைக்குள் தாய் வைத்து அனுப்பும் பொருள்தான் சுருளைத் தீர்மானிக்கிறது. ஒற்றை அணுவாக இருக்கும்போதே அந்தச் சாய்வு தொடங்கிவிடுகிறதாம். சங்கிலும் இதேதானா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலம்புரியைப் பார்க்கும்போது இனி எனக்கு அதன் அம்மா ஞாபகம்தான் வரும்.

நத்தையின் நரம்பு முடிச்சுகள் சிப்பியைப் போல ஆளுக்கொரு மூலையில் இல்லை. தலையில் கூடி, தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கின்றன. நத்தை தன் சாப்பாட்டைத் தேடிப் போக வேண்டும் அல்லவா? அதனால் முன்பக்கத்தில் கொஞ்சம் மூளை தேவைப்பட்டது. தரையில் வாழும் நத்தையின் அந்தச் சின்ன மூளையில் ஒரு பெரிய பங்கு மணம் பிடிப்பதற்கே போய்விடுகிறது.

இது நமக்கு உபயோகப்படும். மழை தொடங்கியதும் வாழை, பப்பாளி, காய்கறி எல்லாவற்றையும் தின்னும் ஆப்பிரிக்க நத்தையைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் ஆப்பிரிக்கன் ஒச்சு என்பார்கள். 1847-ல் ஒரு வெள்ளைக்காரர் மொரீஷியஸ் தீவிலிருந்து இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். இன்று கேரளத்தில் பல மாவட்டங்களில் இதன் தொல்லை இருக்கிறது. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் இதை யாரும் நிறுத்த முடியாது. ஒரே நத்தையில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும்.

இதைப் பிடிக்க அதன் மணம் பிடிக்கும் மூளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சாயங்காலம் ஒரு சாக்கை நனைத்துத் தோட்டத்தில் போடுங்கள். அதற்குள் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை, பழத் தோல் போட்டு வையுங்கள். ராத்திரி மணம் பிடித்து வந்து கூடும். காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, குழியில் புதைத்துவிடலாம்.

வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இந்த நத்தைக்குள்ளும் வளர்கிறது. அது மனிதர் உடம்புக்குள் போனால் மூளைக்குச் சென்று மூளை உறையில் வீக்கம் உண்டாக்கும். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

நத்தை இனத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடல் முயல் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். முயல் காது போன்ற கொம்புள்ள ஒரு கடல் நத்தை அது. அதன் உடம்பு முழுவதும் சேர்த்து நரம்பு அணுக்கள் சுமார் 20,000தான். மனித மூளையில் 8,600 கோடி. கடல் முயலின் அணுக்கள் பெரியவை. அதனால் எது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க முடியும். அமெரிக்காவில் எரிக் காண்டெல் என்பவர் இதை வைத்து ஞாபகம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தார். 2000-ல் நோபல் பரிசு பெற்றார்.

அவர்கள் என்ன செய்தார்கள்? கடல் முயலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், இதனால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டு இழுப்பதைக் குறைக்கும். 1972-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். சில கடல் முயல்களை ஒரே நாளில் 40 தடவை தொட்டார்கள். வேறு சிலவற்றை நாளைக்கு 10 தடவை வீதம் நான்கு நாள் தொட்டார்கள். மொத்தம் இரண்டும் 40தான். ஆனால் நாலு நாளாகப் பிரித்துக் கற்றவைக்குத்தான் பாடம் நன்றாகப் பதிந்தது. வாரக்கணக்கில் மறக்கவில்லை.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு அண்ணன் சிரித்தார். கல் உடைக்கிற வேலை அவருக்கு. "ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து எழுதினதெல்லாம் செவ்வாய்க்கிழமை மறந்து போச்சு. என் மூளை மரத்துப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். இப்போது அவர் தினமும் சோறு வேகும் நேரத்தில் பத்து வரி எழுதுகிறார்.

ஓட்டைக் கழற்றிவிட்ட கணவாய்

பெரிய தலை உள்ள சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். கணவாய்தான். ஓலைக்கணவாய், கல்லுக்கணவாய், பேய்க்கணவாய் என்று பல வகை. பேய்க்கணவாயை நம் ஊரில் நீராளி என்றும் சொல்வார்கள்.

கணவாய்க்கு ஓடு எங்கே என்று கேட்பீர்கள். பழைய காலத்தில் இந்தக் கிளைக்கும் வெளியே ஓடு இருந்தது. சாளக்கிராமக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கிறது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் திருமேனியில் 12,008 சாளக்கிராமங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அந்தக் கல்லுக்குள் சக்கரம் போன்ற சுருள் இருக்கும். அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, கணவாயின் சொந்தமான ஓர் உயிரின் ஓடு. கடலடிச் சேறு கல்லாகி, அந்தக் கடலடியே உயர்ந்து இமயமலையானது. அரியலூரிலும் சுண்ணாம்புக் கல் வெட்டும் இடங்களில் இதே போன்ற சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இனம் அடியோடு அழிந்தது.

ஓடு கனம். ஓட்டைச் சுமந்தால் வேகமாக நீந்த முடியாது. அதனால் மற்றக் கிளைகளில் ஓடு சிறுத்து உடம்புக்குள் போனது. கல்லுக்கணவாயின் முதுகில் வெள்ளையாக ஒரு ஓடு கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, கிளிக்கூண்டில் தொங்கவிடுவார்களே, அதேதான். பெயர்தான் நுரை. ஓலைக்கணவாயில் அது கண்ணாடித் தாள் போல மெலிந்துவிட்டது. பேய்க்கணவாயில் முதுகோடு இல்லை.

கால் என்ன ஆயிற்று? முட்டைக்குள் குஞ்சு வளரும்போது பார்த்தால் தெரியும். மற்ற மெல்லுடலிகளில் காலாக வளரும் பகுதியில் சின்னச் சின்ன மொட்டுகள் தோன்றுகின்றன. அவை வளர்ந்து முன்னால் வந்து வாயைச் சுற்றிக் கைகளாகின்றன. பேய்க்கணவாய்க்கு எட்டு, மற்றக் கணவாய்களுக்குப் பத்து. காலின் இன்னொரு பகுதி குழாயாகிறது. உடம்புக்குள் தண்ணீரை நிரப்பி அந்தக் குழாய் வழியாகப் பீய்ச்சினால் கணவாய் பின்னோக்கிப் பாயும். ஆக, சிப்பி நார் சுரக்க வைத்திருக்கும் அதே கால்தான் கணவாயின் கை.

ஓட்டை இழந்தவனுக்குக் காவல் வேண்டும். மீன் துரத்தினால் தப்ப வேண்டும். நண்டையும் மீனையும் தேடிப் பிடிக்க வேண்டும். நிறம் மாற வேண்டும், மை கக்க வேண்டும். இந்த நெருக்கடியில்தான் கணவாய்க்கு மூளை பெருத்தது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பேய்க்கணவாய்க்கு சுமார் 50 கோடி நரம்பு அணுக்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. கையே தடவி, சுவைத்து, பாதி முடிவை எடுத்துவிடும். அதன் கண்ணில் நம் கண்ணைப் போலவே விழிவில்லையும் திரையும் உண்டு. அந்தக் கண் நம் வழியில் வந்தது அல்ல. அதற்கும் நமக்கும் பொதுவான முன்னோர் 50 கோடி ஆண்டுக்கும் முந்தியது. அந்த முன்னோருக்குப் பெரிய மூளையும் கிடையாது, இப்படிப்பட்ட கண்ணும் கிடையாது. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே மாதிரி வீடு கட்டியது போல.

ஆனால் பழைய மாவின் அடையாளம் போகவில்லை. நத்தையில் தொண்டையைச் சுற்றி நரம்பு வளையம் என்றேன். கணவாயில் அந்த வளையம் பெருத்துப் பெருத்து மூளையாகிவிட்டது. தொண்டைக் குழாய் இன்றும் அந்த மூளையின் நடுவிலேதான் போகிறது! பெரிய கவளம் விழுங்கினால் மூளையில் இடிக்கும். அதனால்தான் கிளி மூக்கு போன்ற அலகால் கடித்து, நாக்கு அரத்தால் அரைத்து, சிறிது சிறிதாக விழுங்குகிறது.

கணவாய் பீய்ச்சிப் பாய வேண்டும் என்றால் உடம்பு முழுவதும் ஒரே நொடியில் சுருங்க வேண்டும். சேதி வேகமாகப் போகத் தடித்த நரம்பு இழைகள் வேண்டும். சில ஓலைக்கணவாய்களில் ஒரு இழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியும். இங்கிலாந்தில் ஜே. இசட். யங் என்பவர் 1936-ல் இதை எடுத்துக் காட்டினார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பேர் இந்த நரம்புக்குள் மெல்லிய கம்பியைச் செருகி ஆராய்ந்தார்கள். 1952-ல் விடையை வெளியிட்டார்கள். 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

விடை இதுதான். கறிக்குப் போடும் உப்பில் சோடியம் என்ற பொருள் இருக்கிறது. நரம்பு இழைக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. நரம்பின் சுவரில் ஒரு இடத்தில் சோடியத்துக்கு வழி திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. அதைக் கண்டு அடுத்த இடத்தில் திறக்கிறது, பிறகு அடுத்தது. இப்படிக் கதவு கதவாகத் திறந்து சேதி ஓடுகிறது. கணவாயிலும் இப்படித்தான், நம் உடம்பிலும் இப்படித்தான்.

இப்போது 1997-க்குத் திரும்புவோம். சிப்பியில் சேர்ந்த நஞ்சு இந்தச் சோடியக் கதவில் போய் அடைத்துக்கொள்கிறது. கதவு திறந்தாலும் சோடியம் உள்ளே போக முடியாது. மூளை "மூச்சு விடு" என்று அனுப்பும் சேதி நெஞ்சுத் தசைக்குப் போய்ச் சேருவதில்லை. உதடு மரப்பதும் இதனால்தான்.

தாயும் முட்டையும்

பேய்க்கணவாய்த் தாய் பாறை இடுக்கில் முட்டையிட்டுக் காவல் இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி முட்டைகளைச் சுத்தம் செய்யும். ஒன்றும் சாப்பிடாது. குஞ்சு பொரியும் காலத்தில் செத்துவிடும். 1977-ல் ஒரு ஆராய்ச்சியாளர் தாயின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியை எடுத்துப் பார்த்தார். அந்தத் தாய் முட்டையை விட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கியது, அதிக நாள் வாழ்ந்தது. பட்டினி கிடக்கச் சொல்வது அந்தச் சுரப்பிதான். இதைக் கேட்டுவிட்டு வகுப்பில் இருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கல்லுக்கணவாய் முட்டையைத் திராட்சைக் குலை போல ஒட்டி வைக்கும். அதன் குஞ்சு சிப்பிக் குஞ்சைப் போல வேறு உருவத்தில் நீந்தித் திரிவதில்லை. பொரியும்போதே சின்னக் கணவாயாகத்தான் வரும். முட்டைக்குள் இருந்தபடியே வெளியே பார்க்கவும் செய்கிறது. 2008-ல் பிரான்சில் ஒரு சோதனை செய்தார்கள். முட்டைக்கு வெளியே நண்டுகளைக் காட்டி வைத்தார்கள். பொரிந்து வந்த குஞ்சுகள் நண்டையே தேடிப் போயின.

குமரிக் கடற்கரைக்காரர்கள் கர்நாடகக் கடல் வரை போய்க் கணவாய் பிடிக்கிறார்கள். காய்ந்த தென்னங்குலைக் காம்புகளைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். முட்டை ஒட்ட இடம் தேடி வரும் கணவாய்கள் அங்கே கூடும். தூண்டிலில் பெரிய பெரிய கணவாய் கிடைக்கும். நல்ல விலையும் உண்டு. ஆனால் மாட்டுவது முட்டையிட வந்த தாய். குலையைத் தூக்கும்போது ஒட்டிய முட்டையும் போகிறது. இதனால் அங்குள்ள விசைப்படகுக்காரர்களோடு சண்டையும் வந்திருக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறவரிடம் தாயை விட்டுவிடு என்று சொல்வது எளிதல்ல. முட்டை ஒட்டிய குலையையாவது பொரியும்வரை கடலிலேயே விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடலுக்குப் போகிற அண்ணன்மார் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பாட்டி ஒரு சிப்பியைப் பிளந்து இலையில் வைத்துக்கொண்டு வந்தார். காலைக் காட்டினேன். நாரைக் காட்டினேன். வாய் இருக்கும் இடத்தைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "தலை இல்லாம இத்தனை காலம் பொழச்சிருக்கு பாரு" என்றார்.

பேசிப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் சிப்பி, மட்டி, கணவாய் எவை வாங்குகிறீர்கள்? அவற்றின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள்.

2. சிப்பி சாப்பிட்ட ஒருவருக்கு உதடு மரக்கிறது. உடனே என்ன செய்வீர்கள்? மூன்று வரி எழுதுங்கள்.

3. அடுத்த தடவை கணவாய் வெட்டும்போது அலகு, உள் ஓடு, மைப்பை, குழாய் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பார்த்ததை வகுப்பில் சொல்லுங்கள்.

4. 1997-ல் உங்கள் ஊரில் சிப்பி பற்றி என்ன பேசினார்கள்? மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.